பறித்து வைத்த புத்தகங்கள்

கேள்வி: எனக்கு ஒரே மகள். 15 வயது, மூன்றாம் படிவம். தீபாவளி அங்பாவ் காசில் 'தி ஹங்கர் கேம்ஸ்' என்ற ஆங்கில நாவலின் மூன்று பாகங்களை வாங்கி, ராப்பகலாக அதிலேயே கிடக்கிறாள். என்ன கதை என்று கேட்டால், பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிடித்துக்கொண்டு போய் ஒருவரையொருவர் கொல்ல விடுகிறார்களாம், அதை அரசாங்கமே டி.வி.யில் காட்டுகிறதாம். "இதையெல்லாம் படித்தால் மூளை கெட்டுப்போகும், தமிழும் மறந்துபோகும்" என்கிறார் என் அண்ணன். போன வாரம் சாப்பிடும்போது மாமனாரிடம், "தாத்தா, அந்தக் காலத்துல தோட்டத்தை விட்டு வெளிய போகணும்னா யார்கிட்ட கேக்கணும்?" என்றாள். 35 வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் அவர். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் வந்து புத்தகங்களைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டாம் பாகத்தில் பாதியில் இருந்தாளாம், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சரியில்லை, சகோதரி. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தக் கதையின் சுருக்கத்தை மட்டும் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அலமாரிச் சாவியைத்தான் தேடியிருப்பேன்.

முதலில் அந்தக் கொலை விஷயத்தைப் பார்ப்போம். ஏகசக்கரபுரத்தில் பகாசுரனுக்கு முறை வைத்து வீட்டுக்கு ஓர் ஆளையும் வண்டி நிறையச் சோற்றையும் அனுப்பிய கதையை நாம் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்! ஒரு வீட்டின் முறை வரும்போது, அவர்களுக்குப் பதிலாகப் பீமன் போகிறான். உங்கள் மகள் படிக்கும் கதையிலும் சீட்டில் தங்கையின் பெயர் வர, அவளுக்குப் பதிலாக அக்கா போகிறாள். இதை எழுதிய சுசான் காலின்ஸ் தனக்கு வித்தாக இருந்ததென்று சொன்னது ஒரு கிரேக்கக் கதையை. ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவுக்கு அனுப்பி, காளைத்தலை அரக்கனுக்கு இரையாக்கிய கதை அது. ஓர் இரவு டி.வி.யில் போட்டி நிகழ்ச்சிக்கும் போர்க்காட்சிக்குமாகச் சேனலை மாற்றிக்கொண்டிருந்தபோது இரண்டும் மனத்தில் கலந்துபோனதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். முதல் பாகம் வந்தது 2008இல், மூன்றாவது 2010இல். பிறகு 2020இலும் 2025இலும் முன்கதையாக இரண்டு வந்தன. அவற்றுக்கும் காசு கேட்பாள், தயாராக இருங்கள்.

இனி, உங்கள் மாமனாரிடம் அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

அந்த நாவலில் தலைநகரத்துக்கு உழைத்துப் போடப் பன்னிரண்டு வட்டாரங்கள். ஒன்றில் நிலக்கரி, ஒன்றில் மீன், ஒன்றில் துணி. பதினோராவது வட்டாரத்தில் வயலும் பழத்தோட்டமும். அங்கே பறிக்கிற பழத்தைப் பறிக்கிறவர்கள் தின்றால் சவுக்கடி. சுற்றிலும் வேலி, அனுமதியில்லாமல் வெளியே போக முடியாது. சீட்டுக் குலுக்கலிலும் ஒரு சூது இருக்கிறது. வீட்டில் பசியென்றால் பிள்ளைகள் தங்கள் பெயரைக் கூடுதலாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டு அடுத்த வருஷம் கழியாது, சேர்ந்துகொண்டே போகும். அப்படிக் குடும்பத்துக்குச் சோறு போடும் 18 வயதுப் பையன் ஒருவனின் பெயர் 42 சீட்டுகளில் கிடக்கிறது. மேயர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தேவையே இல்லை.

நான் பிறந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். தோட்டக் கடையில் அரிசியைக் கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் பிடித்தது போக மிச்சத்தை எண்ணிப் பார்த்தவர் என் பாட்டி. இந்த 42 சீட்டுக் கணக்கை அவருக்கு யாரும் இரண்டு முறை விளக்க வேண்டியிருக்காது.

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் வைத்த கோரிக்கைகளை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், பிள்ளைகளுக்கு முறையான படிப்புக் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையும் (வெள்ளைக்கார மேலாளர்) கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க முடியாது என்றார்கள். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்றார்கள். சொந்த அண்ணன் தங்கையைப் பார்க்க வருவதற்கும் தோட்டத்தின் தயவு வேண்டியிருந்தது. முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அடுத்த வருஷமே ஜப்பான்காரன் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடத் தொடங்கினான், அதற்குத் தோட்டங்களிலும் ஆள் பிடித்தான். 415 கிலோமீட்டர் பாதை அது. தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் திரும்பாதவர்களே ஏராளம்.

ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, அதிலிருக்கும் வேலியைப் பார்த்துத் தன் தாத்தாவின் வேலியைப் பற்றிக் கேட்ட பிள்ளை உங்கள் பிள்ளை. மூளை கெட்டதற்கு இதுவா அடையாளம்? உங்கள் மாமனாருக்கும் வந்தது கோபமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் அதை அவரிடம் கேட்ட முதல் ஆள் அவளாக இருக்கலாம்.

தமிழ் மறந்துபோகும் என்கிறாரே உங்கள் அண்ணன், அதற்கும் வழி இதிலேயே இருக்கிறது. தினம் இரவில் ஓர் அத்தியாயத்தைத் தாத்தாவுக்குத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். வாசிக்க வேண்டாம், சொல்லட்டும். அந்த வட்டாரங்களுக்கு நாவலில் வரும் 'டிஸ்ட்ரிக்ட்' என்பதற்கு அவள் மாவட்டம் என்பாள். தோட்டத்து ஆள் அவர், "டிவிஷன்னு சொல்லும்மா" என்பார். அங்கிருந்து பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), பால் கொட்டாய், மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று அவர் பேச்சு எங்கெங்கோ போகும். போகட்டும், அத்தியாயம் முடியாவிட்டால் குடி முழுகாது.

கவனிக்க வேண்டியதும் உண்டு. மூன்றாம் பாகம் கனமானது. போர், குண்டுவீச்சு, மனம் உடைந்துபோன பிள்ளைகள் என்று போகும், முடிவும் ஆறுதலாக இருக்காது. 15 வயதுக்குத் தாங்கும். ஆனால் தனியாக விடாதீர்கள், முடித்த அன்று கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் இரவல் கேட்டால் கொடுக்க வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் கிடந்தால் அது வேறு சங்கதி. அப்போது மகளைத்தான் பார்க்க வேண்டும், புத்தகத்தைப் பூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்று. இந்த வகைக் கதை ஒன்று ஓடியதும் அதே அச்சில் வரிசையாக வார்த்துத் தள்ளினார்கள். கெட்ட அரசாங்கம், துணிந்த பெண், அவளுக்கு இரண்டு பையன்கள். 2011இல் தொடங்கிய 'டைவர்ஜென்ட்' தொடரில் சிகாகோ நகரத்து மக்களைக் குணத்துக்கு ஒன்றாக ஐந்து கூட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். துணிச்சலுக்கு ஒரு கூட்டம், அறிவுக்கு ஒரு கூட்டம். ஒரே குணத்தோடு ஒரு மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. படிக்க விறுவிறுப்புதான், அவ்வளவுதான். தொடரென்றால் கடைசிப் பாகம் வரை படித்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அலுத்தால் பாதியில் விடலாம் என்று அவளுக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்து என்ன என்று கேட்டால் 1993இல் வந்த லோயிஸ் லோரியின் 'தி கிவர்' வாங்கிக் கொடுங்கள். சின்னப் புத்தகம். பசி இல்லை, சண்டை இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஓர் ஊர். 12 வயதானால் யாருக்கு என்ன வேலை என்று பெரியவர்களே முடிவு செய்து அறிவிப்பார்கள். அதில் ஒரு பையனுக்கு ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் சுமக்கிற வேலை வந்து சேரும். ரத்தம் தெறிக்காத இந்தக் கதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நீங்களும் படிக்கலாம், ஆங்கிலம் எளிமையானது.

அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் அவர் படித்துவிட்டு வந்து சண்டை போடட்டும். அலமாரியை இன்றைக்கே திறந்துவிடுங்கள். இரண்டாம் பாகத்தின் பாதியில் பிடுங்கினால் நானும்தான் உங்களோடு பேசியிருக்க மாட்டேன்.