மாடல் ரயில் வேகன் கிட்ல (ஓஓ ஸ்கேல், அதாவது நெஜத்துல 76-ல ஒரு பங்கு, நாலு சக்கர பிளாஸ்டிக் கிட்) ஒரு ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் கோக்கிற அச்சு) சுத்தவே மாட்டேங்குது, இன்னொண்ணு கழண்டு விழுது, டிராக்ல வச்சா ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்குது. என்ன பண்றது?

நீங்க சொல்ற மூணு வியாதியும் ஒரே வண்டில எனக்கும் வந்துருக்கு. ஓஓ ஸ்கேல் நாலு சக்கர பிளாஸ்டிக் கிட்னு போட்டிருக்கீங்க, அதனால அத வச்சே சொல்றேன். பெரும்பாலும் கோளாறு சக்கரத்துல இருக்காது, எத எப்ப ஒட்டுனோம்ங்கிறதுலதான் இருக்கும்.

என் முதல் வேகன்ல சக்கரத்தத் தாங்குற ரெண்டு பக்க ஃபிரேமையும் வேகன் தரையோட ஒட்டிட்டு, சக்கரத்த காலைல மாட்டிக்கலாம்னு போய் படுத்துட்டேன். காலைல பாத்தா பக்கத்த விரிச்சுப் பிடிச்சாத்தான் ஆக்ஸில் உள்ள போகுது, போனதும் இடுக்கி மாதிரி பிடிச்சுக்குது. கோவத்துல ஆக்ஸில் முனைய அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தேன், அதோட அந்த ஆக்ஸில் கதை முடிஞ்சுது. ஏன்னா அந்த ஊசி முனை பேரிங்கோட (ஆக்ஸில் முனை உக்கார்ற குட்டித் தாங்கி) கூம்புக்குழி அடில லேசா தொட்டுக்கிட்டு நிக்கிறதாலதான் வண்டி அவ்ளோ லகுவா ஓடுது, முனைய மழுக்கிட்டா அகலமா உரசும், அப்புறம் எந்த எண்ணெய் விட்டாலும் வேலைக்கு ஆகாது. தயவுசெஞ்சு முனைல மட்டும் கை வைக்காதீங்க.

முதல்ல ஆக்ஸில அளந்து பாருங்க. பிரிட்டிஷ் ஓஓ கிட்டுக்கு முனையிலேர்ந்து முனை வரைக்கும் சுமாரா 26 மில்லிமீட்டர், ஐரோப்பா ஹெச்ஓ (ஓஓவ விட கொஞ்சம் சின்ன ஸ்கேல்) வண்டிங்களோடது பல நேரம் 25-க்கும் கீழ. ரெண்டுமே ஓடுறது 16.5 மில்லிமீட்டர் டிராக்லதான், அதனால பாத்தா ஒண்ணு மாதிரி தெரியும், ஒரு பொட்டில இருந்து ஒண்ணும் இன்னொரு பொட்டில இருந்து ஒண்ணும் எடுத்து மாட்டிட்டு ஒரு பக்கம் இறுக்கம் ஒரு பக்கம் தொளதொளன்னு புலம்புவோம் (நான் புலம்பிருக்கேன்). அப்படியே ரெண்டு சக்கரத்தோட உள்பக்க இடைவெளியையும் வெர்னியர் அளவுகோல்ல பாத்துருங்க, ஓஓவுக்கு 14.4, 14.5 மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும், கம்மியா இருந்தா பாயின்ட்ஸ்ல (தடம் பிரியிற இடம்) ஏறி இறங்கும். சக்கரத்த முறுக்கிக்கிட்டே மெதுவா இழுத்தா நகரும், நேரா வெடுக்குன்னு இழுத்தா கோணிக்கும்.

அடுத்தது பித்தளை பேரிங். வெறும் பிளாஸ்டிக் குழில ஓட்டலாம், ஆனா நாளாக ஆகத் தேஞ்சு பெருசாயிடும், அதனால நான் எப்பவும் பேரிங் போட்டுருவேன். 2 மில்லிமீட்டர் டிரில் பிட்ட கையால திருப்பித்தான் போடணும், மெஷின்ல போட்டா பிளாஸ்டிக் உருகும். ரொம்ப ஆழமா போனா ஆக்ஸில்பாக்ஸ் (ஃபிரேம்ல ஆக்ஸில் முனை உக்கார்ற பெட்டி) முகத்துலயே ஓட்டை விழுந்துரும், அதுக்கு டிரில் பிட்ல டேப் சுத்தி அளவு வச்சுக்கங்க. இங்கதான் உங்க இறுக்கத்துக்கும் தொளதொளப்புக்கும் நெஜமான மருந்து இருக்கு: இறுக்கமா இருந்தா குழிய துளி ஆழமாக்கி பேரிங்க உள்ள தள்ளுங்க, தொளதொளன்னா பேரிங் விளிம்புக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் வளையம் வெட்டி வச்சு முன்னால கொண்டு வாங்க.

இப்ப ஒட்டுற வரிசை. ஒரு பக்க ஃபிரேம நேரா செங்குத்தா ஒட்டி நல்லா காய விடுங்க. அப்புறம் ரெண்டு ஆக்ஸிலையும் அதுல நிறுத்தி, அடுத்த பக்கத்த கொண்டு வந்து, மூலைகள்ல மட்டும் சால்வென்ட் (பிளாஸ்டிக்க இளக்கி ஒட்டுற திரவப் பசை) பொட்டு வைங்க. பசை இளகலா இருக்கும்போதே வண்டிய ஒரு கண்ணாடித் துண்டு மேல வச்சு ஒவ்வொரு மூலையா பல்குத்துற குச்சியால அமுக்கிப் பாருங்க, ஆடுனா டிக் டிக்னு சத்தமே காட்டிக்குடுக்கும். ஆடுற மூலைய எதிர்மூலையோட சேத்து மெல்ல முறுக்கி நாலும் கண்ணாடியத் தொடுற வரைக்கும் கொண்டு வந்து, மேல ஒரு கனமான பொருள வச்சுட்டு எழுந்து போயிருங்க. திரும்ப திரும்ப எடுத்துப் பாக்காதீங்க, அதுதான் கஷ்டம்.

ஏற்கனவே காஞ்சுபோன வண்டின்னா, மூட்டு ஓரமா புதுசா சால்வென்ட் ஓட விடுங்க, தானா உள்ள இழுத்துக்கும், கொஞ்ச நேரத்துல இளகும், அப்ப முறுக்கிக்கலாம். அதுவும் ஒத்து வரலன்னா ஒரு ஆக்ஸில நிலையா விட்டுட்டு இன்னொண்ண நடுவுல ஒரே புள்ளில ஊஞ்சல் மாதிரி ஆடுற பித்தளைத் தாங்கில மாட்டிருங்க. முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும், அதே கணக்கு.

பிரேக் கட்டைய கடைசியா ஒட்டுங்க, சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு அட்டைத் துண்டு செருகி வச்சுக்கிட்டு. நெஜ ரயில்பாதை அகலத்த இந்த ஸ்கேலுக்கு சுருக்குனா 18.83 மில்லிமீட்டர் வரணும், நாம ஓட்டுறது 16.5, அதனால சக்கரம் உள்ள தள்ளி நிக்கும், சில கிட்ல கட்டை சக்கரத்துக்கு நேரா வராது, உள்ள நகத்தித்தான் ஒட்டணும்.

எண்ணெய் வேண்டாம், தூசி சேரும். எல்லாம் சரியா இருந்தும் தடம் புரண்டா வண்டி இலேசா இருக்கும், ஒரு ஆக்ஸிலுக்கு 25 கிராம்னு கணக்கு வச்சு தரைக்கு அடில எடை ஒட்டிப் பாருங்க. பின்னாடி எப்பவாவது முழு பித்தளை சேசிஸ் (அடிச்சட்டம்) கட்டுனீங்கன்னா, ஒரு பக்கம் மட்டும் இன்சுலேஷன் (மின்சாரம் கடக்காத தடுப்பு) இருக்கிற சக்கரத்த ரெண்டு ஆக்ஸில்லயும் ஒரே பக்கமா திருப்பி மாட்டுங்க, மாத்தி மாட்டுனா டிராக்ல வச்ச நொடியே ஷார்ட் ஆகும்.