அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளாகக் காவலர்கள் மாணவர்கள்மேல் டேசர் பயன்படுத்துவது நியாயமா?

கத்தியோ கட்டையோ தூக்கிக்கொண்டு இன்னொருவர்மேல் பாய்கிறவரைச் சுடாமல் தடுக்க டேசரை, அதாவது மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை, எடுத்தால் நியாயம். "எழுந்திரு", "வெளியே போ" என்று சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காக எடுத்தால் நியாயமே இல்லை. மாணவர்கள்மேல் அது பாய்ந்து பெரிதாகப் பேசப்பட்ட சம்பவங்களில் எனக்குத் தெரிந்தவை இந்த இரண்டாவது வகைதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் முதுகலை படித்த இரண்டு வருடமும் பல்கலைக்கழக நூலகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மேசை மேசையாகப் போய் ஐடி கார்டு கேட்பது என் வேலை. அதனால் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) நூலகத்தில் ஒரு மாணவர்மேல் டேசர் வைத்த வீடியோவை முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2006 நவம்பர் 14, லாஸ் ஏஞ்சல்ஸ். யுசிஎல்ஏவின் பவல் நூலகத்தில் இருக்கும் கணினி அறை. ராத்திரி 11 மணிக்கு மேல் வழக்கமான அட்டைச் சோதனை. ஈரானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு மாணவர் அட்டையைக் காட்ட மறுத்தார். தன் தோற்றத்தைப் பார்த்துத்தான் தன்னிடம் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தார். சோதனைக்கு வந்தவர் போய் வளாகக் காவலர்களை அழைத்து வந்தார். அவர்கள் வந்தபோது அந்த மாணவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஒரு காவலர் கையைப் பிடித்தார், இவர் விடச் சொன்னார், பிறகு உடம்பைத் தளர்த்திக் கீழே விழுந்தார். டேசர் உடம்பில் வைக்கப்பட்டது. ஒருமுறை இல்லை, பலமுறை. சில ஷாக் கைவிலங்கு மாட்டிய பிறகு.

அந்த வீடியோவில் உருவத்தைவிடக் குரல்தான் அதிகம் கேட்கும். "எழுந்திரு, இல்லையென்றால் மறுபடியும் வைப்பேன்" என்று ஒரு குரல். "நான் போகிறேன் என்றுதானே சொன்னேன்" என்று அலறும் இன்னொரு குரல். சுற்றி நின்ற மாணவர்கள் காவலரின் பெயரையும் பேட்ஜ் எண்ணையும் கேட்கிறார்கள். கேட்டவருக்கும் ஷாக் மிரட்டல்தான் பதிலாகக் கிடைத்தது.

இங்கே டேசர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதை ஆதரித்துப் பேசுபவர்கள் பலர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தூரத்தில் நின்று சுட்டால் மெல்லிய கம்பியோடு இரண்டு ஊசிகள் பறந்துபோய் உடம்பில் குத்தும். அவற்றுக்கிடையே மின்சாரம் ஓடி, விசையை ஒருமுறை அழுத்தினால் 5 வினாடிக்குத் தசைகள் இறுகிவிடும். ஆள் தன் வசத்தில் இருக்கமாட்டார், தாக்க முடியாது. இன்னொரு முறையில் ஊசியே கிடையாது. கருவியின் முனையை நேராக உடம்பில் வைத்து அழுத்துவார்கள். தசைகள் அப்படி முடங்காது, வலி மட்டும்தான். யுசிஎல்ஏவில் நடந்தது இந்த இரண்டாவது முறை. தாக்குதலைத் தடுக்க அல்ல, வலியால் பணியவைக்க. அமெரிக்க நீதித்துறையும் காவல்துறை நிர்வாகிகளின் ஆய்வு மன்றம் ஒன்றும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களே, வலியைக் காட்டிப் பணியவைக்க இப்படி அழுத்துவதை ஊக்குவிக்க வேண்டாம் என்கின்றன.

"அட்டையைக் காட்டியிருந்தால் முடிந்திருக்குமே" என்று கேட்பார்கள். உண்மைதான், காட்டியிருக்கலாம். நான் வேலை பார்த்தபோது ஒருவர் எனக்கும் காட்டவில்லை. முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கணினியில் மூழ்கிவிட்டார். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டிய அம்மா அவர். "அவன் யாரையாவது தொந்தரவு செய்கிறானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் பத்து நிமிடம் கழித்து நானே போய்க் கேட்கிறேன்" என்றார். போனார், நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அட்டையைத் தொலைத்துவிட்டு, புதிதாக எடுக்கக் காசில்லாமல் இருந்திருக்கிறான் அந்தப் பையன். எல்லாமும் இப்படி முடியாது, தெரியும். ஆனால் நூலகத்தில் ஒருவன் அட்டை காட்டவில்லை என்றால் நமக்கு என்ன அவசரம்? பத்து நிமிடத்தில் யார் உயிருக்கும் ஆபத்து வரப்போவதில்லை. நேரம் நம் பக்கம் இருக்கும்போது வலியை எடுப்பதுதான் என்னால் ஏற்கமுடியாதது.

யுசிஎல்ஏ விவகாரத்தில் காவல்துறையின் உள் விசாரணை, விதிமீறல் இல்லை என்றது. பல்கலைக்கழகம் வெளியிலிருந்து மெரிக் பாப் என்ற வழக்கறிஞரைக் கொண்டு தனியாக விசாரித்தது. அவருடைய 2007 அறிக்கை, அந்த டேசர் பயன்பாடு பல்கலைக்கழகத்தின் கொள்கைக்கே புறம்பானது, வேறு வழிகள் இருந்தன என்றது. 2009-இல் அந்த மாணவருக்கு 2,20,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். ஒரே சம்பவத்தை உள்ளே இருப்பவர் பார்த்தால் சரி, வெளியே இருப்பவர் பார்த்தால் தவறு. எந்த வளாகத்திலும் டேசர் கொடுப்பதற்கு முன், அதை யார் விசாரிப்பார்கள் என்பதை முடிவு செய்யவேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்னொரு சம்பவம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2007 செப்டம்பர் 17, ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். செனட்டர் ஜான் கெர்ரியின் கூட்டத்தில் ஒரு மாணவர் கேள்விமேல் கேள்வியாக நீட்டினார். மைக்கை நிறுத்தினார்கள், காவலர்கள் இழுத்துப் போனார்கள், அவர் திமிறினார். பல காவலர்கள் தரையில் அழுத்திப் பிடித்திருக்கும்போது டேசர். அவர் கத்திய "டோன்ட் டேஸ் மீ, ப்ரோ" ("என்மேல் டேசர் வைக்காதே, தம்பி") டி-சர்ட்டில் அச்சாகி, நாடே சொல்லிச் சிரிக்கும் வாசகமானது. மாநில விசாரணை காவலர்கள் செய்தது சரி என்றது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, கூட்டத்தைக் குலைத்தார். ஆனால் அத்தனை பேர் பிடித்திருக்கும் ஒருவரால் யாருக்கு ஆபத்து?

நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. காவலர் பலப்பிரயோகம் செய்தது சரியா என்று பார்க்க 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது: குற்றம் எவ்வளவு பெரியது, உடனடி ஆபத்து உண்டா, ஆள் எதிர்க்கிறாரா அல்லது ஓடுகிறாரா. வட கரோலினாவில் மனநலம் குன்றிய ஒருவர், மருத்துவமனைக்குத் திரும்ப மறுத்து, சாலை ஓரக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடத்துக்குள் ஐந்து முறை ஷாக் வைத்தார்கள், இறந்துபோனார். உடனடி ஆபத்து இல்லாதபோது, வெறுமனே அசைய மறுப்பவர்மேல் டேசர் வைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2016-இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் டேசரையே பிடுங்கிவிடுங்கள் என்று என்னால் சொல்லமுடியவில்லை. காரணம் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2017 செப்டம்பர் 16, அட்லாண்டா. மனம் உடைந்திருந்த ஒரு மாணவர், சந்தேகத்துக்குரிய ஆள் வளாகத்தில் இருப்பதாகத் தானே 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்னார். காவலர்கள் வந்தபோது அவர் கையில் இருந்தது சிறு கத்தியும் சேர்ந்த ஒரு மடக்குக் கருவி. கத்தி விரிக்கப்படவில்லை. "என்னைச் சுடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே அவர்களை நோக்கி நடந்தார். அந்த வளாகக் காவலர்களிடம் அப்போது டேசர் கிடையாது. துப்பாக்கி இருந்தது. சுட்டார்கள், இறந்துபோனார். அந்த இடத்தில் ஒரு டேசர் இருந்திருந்தால், அதைவிட முக்கியமாக மனநலம் தெரிந்த ஒருவர் முன்னால் நின்று பேசியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

என் தங்கை மகன் போன வருடம் படிக்க அமெரிக்கா கிளம்பினான். விமான நிலையத்தில் வைத்து அவனிடம் சொன்னேன்: கார்டை எப்போதும் பாக்கெட்டில் வைத்துக்கொள், காவலர் கேட்டால் கையை வெளியே வைத்துக் காட்டு, வாக்குவாதத்தை அங்கே செய்யாதே, பெயரையும் நேரத்தையும் மனதில் வைத்து அடுத்த நாள் எழுத்தில் புகார் கொடு. "தப்பு அவங்க மேல இருந்தாலுமா, மாமா?" என்றான். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்லவேண்டி வந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.