குளிர் நாளில் நண்பர்கள் வந்தால் வீட்டிலேயே சுலபமாக என்ன சூப் செய்யலாம்?

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில்தான்: லீக்ஸும் பருப்பும் போட்ட சூப்.

நான் இருப்பது நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பக்கம். ஜனவரி, பெப்ரவரி இரவுகள் இங்கே எப்படி இருக்கும் என்று மலையகத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வருபவர்கள் முதல் நாள் "ஆகா, என்ன சுகமான குளிர்" என்பார்கள். இரண்டாம் நாள் அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள். சில காலைகளில் உப்பைத் தூவிவிட்ட மாதிரி புல்லில் உறைபனி கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகிப் போகும்.

பருப்பு என்றால் மைசூர் பருப்பு. இதில் நான் கொஞ்சம் அடம்பிடிப்பவன். ஒருமுறை நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தபோது, வித்தியாசமாக இருக்கட்டுமே என்று துவரம்பருப்பு போட்டேன். குக்கர் இல்லை, திறந்த சட்டி. ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு கல்லு மாதிரியே கிடந்தது. வந்தவர்கள் ஒரு பெட்டி கிறீம் கிரேக்கரைத் தின்று, மூன்று தரம் பிளேன்டி குடித்து, கடைசியில் படுக்கப் போய்விட்டார்கள்.

பருப்பின் மேல் குற்றம் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அதனால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அடுப்பில் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். மைசூர் பருப்பு தோல் நீக்கி உடைத்தது, சின்னது. அரை மணி நேரத்தில் தானாகவே கரைந்து சூப்புக்குக் கெட்டித்தன்மையும் கொடுத்துவிடும். மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

ஆறு பேருக்கு நான் எடுப்பது: பருப்பு 200 கிராம், பெரிய லீக்ஸ் 2, கரட் 2, உருளைக்கிழங்கு 2, பெரிய வெங்காயம் 1, பூண்டு நாலு பல்லு, விரல் நுனி அளவு இஞ்சி, கொஞ்சம் மஞ்சள் தூள், தண்ணீர் ஒன்றரை லீற்றர். கோவா (முட்டைக்கோஸ்) வேண்டாம். கூட வெந்து அதன் வாடை கிளம்பினால் லீக்ஸின் வாசம் காணாமல் போய்விடும்.

லீக்ஸைக் கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்டு வெள்ளையாக வர வேண்டும் என்று தோட்டத்தில் அடியில் மண் அணைத்து வளர்ப்பார்கள். அந்த மண் மடிப்புக்கு மடிப்பு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். முதலில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஓடும் தண்ணீரில் இதழ் இதழாக விரித்துக் கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். பச்சை இலையை எறிய வேண்டாம், பொடியாக அரிந்து தனியே வையுங்கள்.

சட்டியில் ஒரு கரண்டி பட்டர் விட்டு வெங்காயம், பூண்டு, இஞ்சி, லீக்ஸின் வெள்ளைப் பகுதி, ஒரு சிட்டிகை உப்பு. தணலை நன்றாகக் குறைத்துப் பத்து நிமிடம் வதக்க வேண்டும். சிவக்கக் கூடாது, சிவந்தால் கசக்கும். துவண்டு இனிப்பு வாசம் வந்ததும் கழுவிய பருப்பு, மஞ்சள், தண்ணீர். பருப்பு பாதி வெந்ததும் கரட், கிழங்கு. இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அந்தப் பச்சை இலையும் உப்பும். மத்தால் நாலு சுற்றுக் கடைந்தால் போதும், பாதி கரைந்தும் பாதி துண்டாகவும் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

தக்காளி, தேசிக்காய் எதையும் முதலிலேயே போட்டுவிடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக மறுக்கும். இறக்கிய பிறகு அரைக் கோப்பை தேங்காய் முதற்பால் ஊற்றிக் கலக்குங்கள். அதற்கப்புறம் கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். அன்றைக்கே இடித்த மிளகை டம்ளரில் ஊற்றியபின் மேலே தூவுங்கள். கண்டி, மாத்தளைப் பக்கத்து மிளகு கிடைத்தால் கொஞ்சமாகவே போடுங்கள், அது நல்ல காரம். தேசிக்காய் அவரவர் பிழிந்துகொள்ளட்டும். கட்டச் சம்பலையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எனக்கு யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் இருக்கிறான். அதில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, "மச்சான், நண்டும் ஒடியல் மாவும் போட்டிருந்தால் இது கூழ்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். நானும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வேன்.

இந்த சூப்பை நான் விடாததற்கு இன்னொரு காரணம், நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி உப்பைச் சரி பார்த்தால் முடிந்தது. பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம். கூட ரோஸ்ட் பாண் இருந்தால் பிய்த்து முக்கிச் சாப்பிடலாம்.

மிச்சம் இருந்தால் காலையில் களி மாதிரி இறுகிப் போயிருக்கும், பயப்பட வேண்டாம். கொஞ்சம் கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். சூடான ரொட்டிக்கு அது பருப்புக் கறி. சூப் என்று வீட்டில் யாரும் கண்டுபிடித்ததில்லை.