2^61 − 1 இரட்டைப்படை எண்ணாக வருவது ஏன்?
எண்ணில் தப்பில்லை, அது பகா எண்தான். உங்கள் பைத்தான் நிரல் '2-ஆல் வகுபடுகிறது' என்று சொல்லக் காரணம், மேத் நூலகத்தின் பவ் (math.pow) விடையை ஃப்ளோட்டாக, அதாவது தசம எண் வகையாக, தருவதாக இருக்கும். ஃப்ளோட்டில் 53 பிட்தான் துல்லியம். கழித்த 1 காணாமல் போய் 2^61 மட்டும் மிஞ்சுகிறது.

2**61 - 1 என்றே எழுதிப் பாருங்கள். 2305843009213693951 வர வேண்டும். கடைசி இலக்கம் 2 என்றால் இன்னும் எங்கோ ஃப்ளோட் இருக்கிறது.

அப்புறம், பகா எண்தானா என்று சோதிக்க 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் 150 கோடி வரை போகவேண்டும். லூக்காஸ்–லேமர் சோதனை போதும்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, இந்த எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள்; அந்த மீதியை வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். 59-ஆவது சுற்றில் 0 வரும். கணினியே இல்லாத 1883-இல் ருஷ்யப் பாதிரியார் பெர்வுஷின் இது பகா எண் என்று நிறுவியது எனக்கு இன்றும் மலைப்பு.

அடுக்கு (இங்கே 61) பகா எண் என்பதை மட்டும் வைத்து விடையும் பகா எண் என்று நம்பாதீர்கள்: 11 பகா எண், ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89.