வாசகர் கேள்வி–பதில்: கரை விட்டுக் கரை பறக்க

கேள்வி: சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து டோக்கியோவுக்கு வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நிஜ விமானங்கள் வடக்கே வளைந்து போகின்றன. எதற்கு இந்தச் சுற்று?

பதில்: சுற்றிப் போவது உங்கள் கோடுதான். பூகோள உருண்டை ஒன்றை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். 37 பாகை வடக்கில் புறப்படும் நூல் நடுவழியில் 48 பாகை வரை ஏறி, பிறகு 36-க்கு இறங்கும். நீளம் சுமார் 4,450 கடல் மைல். உங்கள் ஸ்கேல் கோடு அதைவிட 200 கடல் மைலுக்கு மேல் அதிகம்.

ஆனால் அந்த நூல் போகும் வழியிலேயே விமானமும் போகும் என்று நினைக்க வேண்டாம். மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று குறுக்கே நிற்கிறது. 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் போகும் விமானம் 100 நாட் எதிர்காற்றில் 1,000 கடல் மைலைக் கடக்க 2 மணி 38 நிமிடம் ஆகும். அதே காற்று முதுகில் இருந்தால் 1 மணி 43 நிமிடம் போதும். அதனால் டோக்கியோ போகும்போது காற்றை விட்டு விலகியும், திரும்பும்போது அதன் மேல் ஏறியும் பாதை போடுகிறார்கள். தேடுவது குறைந்த தூரத்தை அல்ல, குறைந்த எரிபொருளை. காற்று தினமும் இடம் மாறுவதால் நேற்றைய பாதை இன்றைக்கு உதவாது.

கேள்வி: இறங்கும் விமான நிலையம் கடற்கரையில் இருக்கிறது. அதே கரையில் 30 கடல் மைல் தள்ளி இருக்கும் இன்னொன்றை ஆல்டர்நேட்டாக, அதாவது முதல் நிலையத்தில் இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று நிலையமாகப் போட்டால் எரிபொருள் மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், மூடுபனி வராத வரைக்கும். புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த கடல்நீரின் மேல் வந்து தவழும்போது கடல் மூடுபனி உண்டாகிறது. அது ஒரு ஊரோடு நிற்காது. கரை நெடுக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் படுத்துக் கிடக்கும். முதல் நிலையம் மூடினால் பக்கத்து நிலையமும் மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். நிலத்தில் இரவில் இறங்கும் பனியைப் போல இது வெயில் ஏறியதும் கலைந்துவிடும் என்று நம்பி உட்காரவும் முடியாது. காற்று திசை மாற வேண்டும்.

ஆகவே ஆல்டர்நேட்டை உள்நாட்டுப் பக்கம் தேடுங்கள். நடுவில் ஒரு மலைத்தொடர் இருந்தால் இன்னும் நல்லது. வானிலை அறிக்கையில் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) சேர்த்துப் பாருங்கள். 18/17 என்று இருந்து, காற்றும் கடலிலிருந்து மெதுவாக வீசினால், பார்வைத் தூரம் இப்போது 10 கிலோமீட்டர் என்று இருந்தாலும் நம்பாதீர்கள். இடைவெளி 2 டிகிரிக்குள் வந்தாலே உஷாராக வேண்டும். முன்னறிவிப்பைப் படிக்கும்போது போய்ச்சேரும் நிமிடத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு ஒரு மணி முன்னும் பின்னும் சேர்த்துப் பாருங்கள்.

வானிலை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. அந்த நேரத்தில் நிலையம் திறந்திருக்குமா, ஓடுபாதை மராமத்தில் இருக்கிறதா, உங்கள் எடைக்குத் தாங்குமா என்று நோட்டாமில் (விமானிகளுக்கான அறிவிப்பில்) தேடுங்கள். சர்வதேசப் பயணம் என்பதால் குடியேற்றமும் சுங்கமும் உள்ள இடமா என்பதும் முக்கியம். இல்லையென்றால் பயணிகள் விமானத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் உட்கார நேரும்.

கேள்வி: 4 மணி நேரப் பயணத்துக்கு எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும்? கணக்கைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுங்கள்.

பதில்: மணிக்கு 2,400 கிலோ குடிக்கும் இரட்டை இன்ஜின் ஜெட் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு 9,600. எதிர்பாராததற்கு அதில் 5 சதவீதம், 480. ஆல்டர்நேட்டுக்குப் போக 1,300. கடைசிக் கையிருப்பு 1,100. இது 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்கும் அளவு. தரையில் ஊர்ந்து போக 200. மொத்தம் 12,680 கிலோ.

இதில் கடைசிக் கையிருப்பைச் செலவுக்கு வைத்த எரிபொருளாக நினைக்கக் கூடாது. இறங்கும்போது அது டேங்கில் மிச்சம் இருக்க வேண்டும். அதைத் தொடும் நிலை வந்தால் விமானி 'மேடே' என்ற அவசர அழைப்பை அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

பயந்துகொண்டு கூடுதலாக ஒரு டன் ஏற்றினால், அதன் எடையைத் தூக்கவே மணிக்கு 3 சதவீதம் போல எரியும். 4 மணியில் 120 கிலோ போச்சு. இறங்கும் எடை வரம்பையும் மறக்காதீர்கள். மூடுபனி, நெரிசல் என்று காரணம் சொல்ல முடிந்தால் ஏற்றுங்கள். "இருக்கட்டுமே" என்பது காரணமாகாது.

கேள்வி: நடுக்கடலில் ஒரு இன்ஜின் நின்றால், பாதி தூரம் தாண்டியிருந்தால் முன்னே போவது, இல்லையென்றால் திரும்புவது. சரிதானே?

பதில்: காற்றே இல்லாத நாளில் சரி. இரு கரையிலும் உள்ள நிலையங்களுக்கு இடையே 1,200 கடல் மைல், ஒற்றை இன்ஜினில் வேகம் 350 நாட், எதிர்காற்று 50 நாட் என்று கொள்ளுங்கள். முன்னே போனால் தரைவேகம் 300, திரும்பினால் 400. 1,200-ஐ 400-ஆல் பெருக்கி 700-ஆல் வகுத்தால், புறப்பட்ட கரையிலிருந்து 686 கடல் மைல் என்று வரும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே நேரம் ஆகும் சமநேரப் புள்ளி அதுதான். 650 கடல் மைல் தாண்டியிருந்தாலும் திரும்புவதே வேகம்.

இதில் ஒரு வேடிக்கை. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் 103 நிமிடம். காற்றே இல்லாவிட்டாலும் நடுவிலிருந்து அதே 103. காற்று புள்ளியை நகர்த்துமே தவிர நேரத்தைக் கூட்டாது. இரட்டை இன்ஜின் விமானம் நிலையத்திலிருந்து 60 நிமிடத்துக்கு மேல் விலக ஈட்டாப்ஸ் (ETOPS) என்ற சிறப்பு அனுமதி வேண்டும் என்பதால், இந்தப் பாதைக்கு 120 நிமிட அனுமதி தேவை.

கேபின் அழுத்தம் போனால் கணக்கு வேறு. 10,000 அடிக்கு இறங்கித்தான் பறக்க வேண்டும், அங்கே எரிபொருள் செலவு மிக அதிகம். இன்ஜின் நிற்பது, அழுத்தம் போவது இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து, அதிக எரிபொருள் கேட்பதை எடுங்கள்.

கேள்வி: ஃப்ளைட் ப்ளான் எப்போது கொடுக்க வேண்டும்? எதனால் அது ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது?

பதில்: புறப்பட 60 நிமிடத்துக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும், பல நாடுகளில் இன்னும் முன்பே கேட்பார்கள். திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தேதிதான் காரணம். எல்லா நேரமும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுத வேண்டும். 8 மணி நேரம் முன்னே இருக்கும் ஊரில் 12-ம் தேதி அதிகாலை 2 மணி என்பது யூடிசியில் 11-ம் தேதி 18:00. ப்ளானில் 12 என்று போட்டு, வான்வெளி அனுமதியை 11-க்கு வாங்கியிருந்தால் இரண்டும் பொருந்தாது. அடுத்த காரணம் உயரம். கிழக்கே போகிறவர்களுக்கு 330 (அதாவது 33,000 அடி), 350, 370. மேற்கே போகிறவர்களுக்கு 320, 340, 360. புறப்பாடு 30 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் தாமதச் செய்தி அனுப்புங்கள்.

கேள்வி: ஒற்றை இன்ஜின் சிறு விமானத்தில் கடல் கடக்கலாமா?

பதில்: நீரிணை அளவு என்றால் உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இன்ஜின் நின்றபின் 9-க்கு 1 என்று (9 அடி முன்னே போக 1 அடி இறங்கி) சறுக்கும் விமானம் 10,000 அடியிலிருந்து சுமார் 15 கடல் மைல் போகும், அதுவும் எதிர்காற்று இல்லாவிட்டால். அதற்கு மேல் அகலமான கடலில் லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் வைக்காமல் உடம்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள். காற்றை மட்டும் வெளியே வந்த பிறகு ஊதுங்கள். உள்ளேயே ஊதிவிட்டால் தண்ணீர் புகும்போது கூரையோடு ஒட்டிக்கொண்டு கதவுக்குப் போக முடியாது.