விறகு விற்ற பையன், விமானம் விட்ட அபியோலா

கேள்வி: நைஜீரியத் தலைநகர் அபுஜாவின் தேசிய மைதானத்துக்கு மொஷூத் அபியோலா என்று பெயர். அவர் பெரிய கால்பந்து வீரரா?

பதில்: வீரர் இல்லை, விளையாட்டுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்த தொழிலதிபர். 1937-ல் அபியோகுட்டாவில் தன் அப்பாவுக்கு 23-ஆவது பிள்ளையாகப் பிறந்தார். முன்னால் பிறந்த ஒன்றுகூடத் தங்கவில்லை. ஒன்பது வயதில் விடியுமுன் எழுந்து விறகு பொறுக்கி, அதை விற்கக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் பள்ளிக்கூடம். அப்புறம் ஒரு பாட்டுக் குழு. விசேஷ வீடுகளில் பாடினால் கூலி சாப்பாடு.

பணம் வந்தபின் ‘அபியோலா பேப்ஸ்’ என்று சொந்த ஊரில் கால்பந்து அணி நடத்தினார். 1985, 1987 இரண்டு வருடமும் நைஜீரியாவின் சேலஞ்ச் கோப்பை அவர்களுக்குத்தான். 1992-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கிய சி.ஏ.எஃப். கோப்பைப் போட்டிக்கு வெற்றிக்கோப்பை கொடுத்தவரும் இவரே. ‘ஆப்பிரிக்க விளையாட்டின் தூண்’ என்று பட்டமே உண்டு. மைதானத்துக்குப் பெயர் சூட்டியது 2019-ல்.

கேள்வி: அத்தனை பணம் எப்படி வந்தது?

பதில்: கிளாஸ்கோவில் கணக்கியல் படித்தவர். ஐ.டி.டி. என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நைஜீரியக் கிளைக்குத் தலைவரானார். ராணுவ ஆட்சி கொடுத்த ஒப்பந்தங்களில்தான் பெரும் பணம். பாடகர் ஃபெலா குட்டி இவர் பெயரைச் சொல்லியே ‘திருடன்’ என்று பாடினார். அப்புறம் கன்கார்ட் பத்திரிகை, விமான நிறுவனம், பண்ணை, ரொட்டித் தொழிற்சாலை. வள்ளல்தான், ஆனால் தளபதிகளோடு கைகோத்து வளர்ந்த வள்ளல்.

கேள்வி: பிறகு அதே ராணுவம் ஏன் சிறையில் தள்ளியது?

பதில்: தேர்தலில் ஜெயித்ததால்! 1993 ஜூன் 12 அதிபர் தேர்தலில் தென்மேற்கின் யொரூபா இனத்தவரான இவர், எதிர்வேட்பாளர் டோஃபாவின் சொந்த மாநிலமான, வடக்கே இருக்கும் கனோவிலேயே முந்தினார். அதில் கால்பந்து சம்பாதித்துக் கொடுத்த பெயருக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. ராணுவ ஆட்சியாளர் பாபங்கிடா தேர்தலையே ரத்து செய்தார். மறுவருடம் ‘நானே அதிபர்’ என்று அபியோலா அறிவிக்க, அப்போதைய ராணுவ ஆட்சியாளர் அபாச்சா கைது செய்தார். 1996-ல் மனைவி குதிரத்தை லாகோஸ் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். 1998 ஜூனில் அபாச்சா இறந்ததும் விடுதலை நிச்சயம் என்று ஊரே காத்திருந்தது. ஜூலை 7 அன்று அமெரிக்க அதிகாரிகளோடு பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கினார். அன்றே உயிர் போனது. வெளிநாட்டு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்து இதயநோய் என்றார்கள். டீயில் விஷம் என்று சொல்பவர்கள் நைஜீரியாவில் இன்றும் இருக்கிறார்கள்.