அடகு வைத்த துப்பாக்கியைத் திருப்ப வந்தவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கத்தில் என் தாய்மாமா பல வருடமாக அடகுக்கடை வைத்திருக்கிறார். நகை, டிவி, தச்சுக் கருவிகளோடு துப்பாக்கியும் அடகுக்கு வாங்குகிறோம். ஃபெடரல் துப்பாக்கி உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. நான் கிரீன் கார்டுக்காரன், இரண்டு வருடமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். வார இறுதியில் எஃப்-1 விசாவில் படிக்கும் என் தம்பி வந்து கவுண்டரில் நிற்பான். போன வாரம் துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப்.பின் ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அடகைத் திருப்பிய 11 பேருக்கு, துப்பாக்கி பெறுபவர் தன்னைப் பற்றி நிரப்பித் தர வேண்டிய 4473 படிவமும் இல்லை, பின்னணிச் சரிபார்ப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கணக்கில் உள்ள இரண்டு கைத்துப்பாக்கிகள் கடையில் இல்லை. "அவனவன் பொருளை அவனவனிடம் கொடுத்தோம், இதில் என்ன குற்றம்?" என்கிறார் மாமா. விட்டுப்போன படிவங்களை இப்போது நிரப்பி வைத்துவிடலாமா? உரிமம் போய்விடுமா? அதை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொன்ன அந்த இரண்டு கைத்துப்பாக்கிகளிலிருந்து தொடங்குகிறேன். காணவில்லை என்று தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். ஆய்வாளருக்கே தெரியுமே என்று இருந்துவிடாதீர்கள். அவர் கண்டுபிடித்தது நீங்கள் புகார் கொடுத்ததாக ஆகாது. கெடு தாண்டியிருந்தாலும் இன்றே போன் செய்யுங்கள், தொடர்ந்து 3310.11 படிவத்தை அனுப்புங்கள்.

அதைச் செய்த பிறகு அடகுச் சீட்டுக் கட்டை எடுத்து உட்காருங்கள். அடகுக்கடையில் "காணாமல் போன" துப்பாக்கி பல நேரம் காணாமல் போயிருக்காது. ஆள் பணம் கட்டித் திருப்பிக்கொண்டு போயிருப்பார், துப்பாக்கி வந்ததையும் போனதையும் எழுதும் பதிவேடான பவுண்ட் புக்கில் 'போனது' பக்கம் மட்டும் காலியாக இருக்கும். அல்லது வரிசை எண்ணில் பூஜ்ஜியத்தை 'ஓ' என்றும், எட்டை 'பி' என்றும் யாராவது எழுதியிருப்பார்கள். பழைய ரிவால்வர்களில் துரு ஏறிய எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். கிடைத்துவிட்டால் அதையும் உடனே ஏ.டி.எஃப்.புக்குத் தெரிவியுங்கள்.

இனி மாமாவின் கேள்வி. நம் ஊரில் வளையலைத் திருப்பப் போனால் சீட்டு, அசல், வட்டி, அவ்வளவுதான். பொருள் என்றைக்கும் வைத்தவருடையது. மாமா அந்தக் கண்ணோடு பார்க்கிறார். ஆனால் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பார்ப்பது பொருள் யாருடையது என்பதை அல்ல, அது யார் கைக்குப் போகிறது என்பதை. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஹட்டில்ஸ்டன் என்பவர் மனைவியின் மூன்று ரைஃபிள்களை அடகு வைத்தார். திருப்பும்போது, தனக்குப் பெருங்குற்றத் தண்டனை ஏதும் இல்லை என்று 4473-இல் எழுதினார். பணமில்லாக் காசோலை கொடுத்த வழக்கில் அவர் ஏற்கெனவே தண்டனை பெற்றவர். 'நான் வாங்கவில்லையே, திருப்பத்தானே செய்தேன்' என்ற அவர் வாதத்தை 1974-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அடகைத் திருப்புவதும் சட்டத்தின் பார்வையில் கைக்கு வருவதுதான் என்றது.

உங்கள் கடையையே வைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஒருவர் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகிறார். மார்ச்சில் மனைவியை அடித்த விவகாரத்தில் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு போடுகிறது. மே மாதம் சீட்டோடு வந்து நிற்கிறார். சீட்டைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தெரியும்? அதற்குத்தான் நிக்ஸ் எனப்படும் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சரிபார்ப்பு. மறுப்பு வந்தால், அவருடைய சொந்தப் பொருளாகவே இருந்தாலும், கொடுக்கக் கூடாது. 'தாமதம்' என்று வந்து மூன்று வேலை நாள் பதிலே வராவிட்டால் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் அது பத்து வேலை நாள் வரை நீளலாம்.

குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. பழுதுபார்க்கக் கொடுத்த துப்பாக்கியைக் கொடுத்தவரிடமே திருப்பித் தரும்போது 4473 தேவையில்லை. அடகுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஆளுக்கு ஐந்து வேலை நாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி போனால் தனி அறிக்கை கொடுக்க வேண்டுமே, அதில் மட்டும் விதிவிலக்கு உண்டு: யார் வைத்தாரோ அவரிடமே திரும்பிப் போனால் அந்த அறிக்கை வேண்டாம். இந்தச் சலுகையைத்தான் மாமா எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார் போலிருக்கிறது.

அந்த 11 பேரில் டெக்சாஸ் எல்.டி.சி. லைசென்ஸ் (கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் அனுமதி) வைத்திருந்தவர்கள் யாராவது உண்டா என்று பாருங்கள். அது இருந்தால் நிக்ஸ் சரிபார்ப்பு தேவைப்பட்டிருக்காது. படிவம் இல்லாத தவறு அப்படியே நின்றாலும் கனமான தவறு ஒன்று குறையும்.

விட்டுப்போன படிவங்களை நிரப்பி வைக்கவே கூடாது. இன்று நிரப்பி அன்றைய தேதியைப் போட்டால், கவனக்குறைவாக இருந்தது பொய்ப் பதிவாகிவிடும். உரிமம் பெற்றவர் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதினால் ஓராண்டு வரை சிறை. ஃபெடரல் விசாரணையைத் தடுக்க ஆவணத்தைத் திருத்தியதாக வழக்குப் போட்டால் உச்சத் தண்டனை 20 ஆண்டு. அந்த 11 பேர் பெயரில் இப்போது நிக்ஸ் ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. கையில் ஒரு பரிமாற்றம் இல்லாமல் அந்த அமைப்பைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதியில்லை. நடந்ததை நடந்தபடி, இன்றைய தேதியில், ஒரு குறிப்பாக எழுதிக் கோப்பில் வையுங்கள். அதை அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும்.

இருக்கிற படிவத்தில் பிழை இருந்தால் வழி வேறு. மூலத்தில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, நகலில் திருத்தி, சுருக்கொப்பமும் இன்றைய தேதியும் போட்டு மூலத்தோடு இணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் நிரப்பிய பகுதியை அவர்தான் வந்து திருத்த வேண்டும். பெட்டியில் ஒரு டிக் விட்டுப்போனதுதானே என்று நீங்களே போட்டுவிடாதீர்கள்.

முன்னறிவிப்பில்லாமல் வந்தது சரியா என்றால், சரிதான். 12 மாதத்துக்கு ஒரு முறை, வாரண்ட் இல்லாமல், கடை நேரத்தில் வந்து பார்க்கச் சட்டமே இடம் தருகிறது.

உரிமம் போகுமா என்பது 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. விதி தெரிந்தும் மீறியது, அல்லது தெரிந்தும் அலட்சியமாக இருந்தது நிரூபணமானால், ஒரே ஒரு மீறல்கூட ரத்துக்குப் போதும். 2021-இல் கொண்டுவந்த கடும் கொள்கையில், பின்னணிச் சரிபார்ப்பை வேண்டுமென்றே விட்டால் ஏறத்தாழ நேராக ரத்துதான். அதை 2025 ஏப்ரலில் விலக்கிக்கொண்டார்கள். இப்போது எச்சரிக்கைக் கடிதம், எச்சரிக்கைக் கூட்டம் என்று முடிய வாய்ப்பு கூடியிருக்கிறது, ஆனால் சட்டம் மாறவில்லை. ஆகவே முந்தைய ஆய்வுகளின் காகிதங்களைத் தேடுங்கள். விதிகளை விளக்கிச் சொன்னதாக மாமாவிடம் அப்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதில் அடகு திருப்புதல் இருந்தால், 'தெரியாது' என்று சொல்ல முடியாது. ரத்து நோட்டீஸ் வந்துவிட்டால் 15 நாளுக்குள் விசாரணை கேட்டு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் மேஜையில் போட்டு வைத்து உரிமத்தை இழந்தவர்கள் உண்டு.

தம்பியை இந்த வாரமே கவுண்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர், செல்லுபடியான வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 15 ஆண்டு வரை சிறை உண்டு. அலமாரியிலிருந்து எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டினாலே போதும். எஃப்-1-இல் இருப்பவர் கடையில் வேலை செய்யலாமா என்பது தனிப் பிரச்சினை.

பெயர் மாற்றம்: இந்த உரிமத்தை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தர முடியாது. மாமா தனி உரிமையாளர் என்றால், நீங்கள் படிவம் 7-இல் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு 200 டாலர், கைரேகை, புகைப்படம். கிரீன் கார்டு தடையில்லை. உரிமம் கம்பெனி பெயரில் இருந்து பங்குகள் உங்களுக்கு வந்தால், 30 நாளுக்குள் தெரிவித்துவிட்டு உரிமத்தின் காலம் முடியும்வரை நடத்தலாம். எதுவானாலும் இந்த ஆய்வு முடிவதற்கு முன் விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள். கடையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் உரிமத்தில் இருப்பது மாமாவின் பெயரா, கம்பெனியின் பெயரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.